உயிர் காத்த சங்கேதம்: நூர் இனாயத் கானின் வாழ்க்கை

நம் கல்லூரியில் படித்த யாருக்கும் சங்கேத பாஷை புதிதல்ல. வருகைப் பதிவு எடுக்கும்போது ஒரு இருமல், வார்டன் வராந்தாவில் வருகிறார் என்பதற்கு ஒரு விசில், கடைசி பெஞ்சில் கைமாறும் துண்டுச் சீட்டில் நமக்குள் மட்டும் புரியும் பட்டப் பெயர்கள்! மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? மிஞ்சிப்போனால் ஒரு அபராதம், அப்பாவுக்கு ஒரு கடிதம். அவ்வளவுதான்.

ஆனால் ஒரு எழுத்து பிசகினாலும் பத்துப் பேர் உயிர் போகும் என்ற நிலையில் சங்கேதத்தையே வேலையாகச் செய்தவர்களும் உலகில் இருந்தார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றி இந்த மலரில் எழுத ஆசைப்பட்டேன். பழைய மாணவர்கள் பலர் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இப்போது கம்ப்யூட்டர் படிக்கும் தம்பி, தங்கைகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை இது.

வீணையும் கதைகளும்

நூர் உன் நிஸா இனாயத் கான் 1914 ஜனவரி 1 அன்று மாஸ்கோ நகரில் பிறந்தார். அப்பா ஹஸ்ரத் இனாயத் கான் பரோடாவைச் சேர்ந்த வீணை வித்வான். மேல்நாடுகளில் சூஃபி நெறியைப் பரப்பிய ஞானி. அம்மா ஓரா ரே பேக்கர் அமெரிக்கப் பெண்மணி. அப்பாவின் தாய்வழியில் மைசூர்ப் புலி திப்பு சுல்தானின் வம்சம்.

இங்கே நமக்கும் ஒரு சின்ன ஒட்டு உண்டு. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு திப்புவின் பிள்ளைகளை வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து காவலில் வைத்தது நம்ம வேலூர்க் கோட்டையில்தான். 1806 ஜூலையில் நடந்த சிப்பாய்க் கிளர்ச்சிக்குப் பிறகு அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வம்சத்தில் வந்த ஒரு பெண் பிரிட்டனுக்காக வேலை செய்து உயிரை விட்டார் என்றால், சரித்திரத்தின் விளையாட்டை என்னவென்று சொல்வது!

குடும்பம் லண்டனிலும், பிறகு பாரிஸ் அருகே ஸ்யூரேன் என்ற ஊரிலும் வாழ்ந்தது. 1927-ல் டெல்லி வந்திருந்த அப்பா அங்கேயே காலமானார். அம்மா துக்கத்தில் முடங்கிப்போக, 13 வயதில் இரண்டு தம்பிகளையும் ஒரு தங்கையையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நூர் தலையில் விழுந்தது. அந்தச் சுமையோடு சங்கீதம் கற்றார், வீணை வாசித்தார், பாரிஸ் பல்கலைக்கழகத்தில் குழந்தைகள் மனோதத்துவம் படித்தார். பத்திரிகைகளில் சிறுவர் கதை எழுதினார். புத்தர் ஜாதகக் கதைகளில் இருபதைக் குழந்தைகளுக்காக அவர் சொன்ன நூல் 1939-ல் லண்டனில் வெளியானது. தன் கூட்டம் தப்பிப் போவதற்காகத் தன் உடம்பையே பாலமாக்கிக்கொண்ட குரங்கு அரசன் கதையும் அதில் இருக்கிறது.

அதே வருஷம் இரண்டாம் உலகப்போர் மூண்டது. 1940 ஜூனில் ஹிட்லரின் படை பாரிஸுக்குள் நுழைய, குடும்பம் கப்பலேறி இங்கிலாந்து சேர்ந்தது. நூருக்கும் அவர் தம்பி விலாயத்துக்கும் முன்னால் ஒரு தர்மசங்கடம். வளர்ந்ததெல்லாம் அஹிம்சையில். ஆனால் கண்ணெதிரே அநியாயம் நடக்கும்போது சும்மா இருப்பது எப்படி? ஆபத்தான வேலையாக இருக்கட்டும், ஆனால் யாரையும் கொல்லாத வேலையாக இருக்கட்டும் என்று இருவரும் முடிவு செய்தார்கள். 1940 நவம்பரில் நூர் பெண்கள் துணை விமானப்படையில் சேர்ந்தார். அவருக்குக் கொடுக்கப்பட்டது வயர்லெஸ் பயிற்சி. அதிகாரி பதவிக்கான நேர்முகத் தேர்வில் இந்திய விடுதலை பற்றிக் கேட்டபோது, போர் முடிந்ததும் தன் நாட்டின் விடுதலைப் பக்கம் நிற்பேன் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார். பொய் சொல்ல வராத சுபாவம்!

கட்டம் போட்ட எழுத்து

எஸ்.ஓ.இ. என்பது ஜெர்மானியர் பிடித்த நாடுகளில் எதிர்ப்பு இயக்கங்களுக்கு ஆயுதமும் பணமும் ஆளும் அனுப்ப பிரிட்டன் நடத்திய ரகசிய அமைப்பு. பிரெஞ்சும் வயர்லெஸ்ஸும் ஒன்றாகத் தெரிந்த ஆள் கிடைப்பது அபூர்வம். 1943 பிப்ரவரியில் நூரை அங்கே எடுத்துக்கொண்டார்கள்.

பழைய தபால் தந்தி இலாகாவில் வேலை பார்த்த நம் சீனியர்களுக்குத் தெரியும், மோர்ஸ் என்பது ரகசியமே அல்ல. கட்டுக்கடா சத்தம் கேட்டால் தெரிந்தவன் படித்துவிடுவான். வானொலி அலையில் போனால் எதிரியும் கேட்பான். ஆகவே அனுப்புவதற்கு முன்னால் செய்தியைச் சங்கேதமாக மாற்ற வேண்டும். இதைத்தான் இன்றைய பாடப்புத்தகம் குறியாக்கம் என்கிறது.

எப்படி மாற்றுவது? ஒரு சின்ன உதாரணம் பார்ப்போம். நாளை இரவு வருவேன் என்பது செய்தி. ஒன்பது எழுத்து. வரிக்கு மூன்றாகக் கட்டத்தில் எழுதுங்கள்.

நா – ளை – இ
ர – வு – வ
ரு – வே – ன்

முதலில் நடுப் பத்தியை மேலிருந்து கீழாக எடுங்கள். அடுத்து வலது பத்தி. கடைசியில் இடது பத்தி. ளை வு வே இ வ ன் நா ர ரு என்று வரும். ஒன்றும் புரியவில்லை அல்லவா? நடு, வலது, இடது என்ற அந்த வரிசைதான் சாவி. சாவி தெரிந்தவருக்கு அரை நிமிஷ வேலை, தெரியாதவருக்குத் தலைவலி. எஸ்.ஓ.இ. ஆட்கள் இன்னும் நீளமான சாவியை வைத்துக்கொண்டு இதையே இரண்டு தடவை செய்தார்கள். சாவியை எழுதி வைக்கக் கூடாது என்பதால் ஒரு கவிதையை மனப்பாடம் செய்து, அதில் ஐந்து சொல்லைப் பொறுக்கி, அந்த எழுத்துகளுக்கு அகரவரிசைப்படி எண் போட்டுச் சாவி தயாரித்தார்கள்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ஆளைப் பிடித்துச் சித்திரவதை செய்து கவிதையை வாங்கிவிட்டால், இனி வரப்போகிற செய்தி மட்டுமல்ல, ஏற்கெனவே போன செய்தி எல்லாவற்றையும் எதிரி படித்துவிடலாம். அதில் இருக்கும் பெயர், இடம், நாள் எல்லாம் போச்சு!

இதை மாற்றப் போராடியவர் லியோ மார்க்ஸ். புத்தகக் கடைக்காரர் மகன், இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதில் சங்கேதப் பிரிவின் தலைவர். அவர் கொண்டுவந்த வழி பட்டுத் துணி. பட்டில் சாவிகளை வரிசையாக அச்சடித்துச் சட்டையின் உள்துணியில் தைத்துக் கொடுத்தார்கள். தடவிச் சோதித்தாலும் காகிதம் மாதிரி சரசரக்காது. ஒரு சாவியைப் பயன்படுத்தியதும் அந்தத் துண்டை வெட்டி எரித்துவிட வேண்டும். மனதில் நிற்காத எண்களை எந்தச் சித்திரவதையாலும் வாங்க முடியாது. அனுப்பியவரே நினைத்தாலும் பழைய செய்தியைத் திறக்க முடியாது. மற்றவர்களைக் காப்பதோடு, அகப்பட்டவரைக் காட்டிக்கொடுக்கும் பாவத்திலிருந்தும் காப்பாற்றிய துணி அது.

மார்க்ஸ் செய்த இன்னொரு நல்ல காரியமும் உண்டு. ஒளிந்திருந்து பதற்றத்தில் அனுப்பும் செய்தியில் பிழை வரத்தான் செய்யும். முன்பெல்லாம் புரியவில்லை, திருப்பி அனுப்பு என்று கேட்டுவிடுவார்கள். திருப்பி அனுப்புவது என்றால் இன்னொரு தடவை உயிரைப் பணயம் வைப்பது. ஆகவே புரியாத செய்தி என்று ஒன்று இருக்கவே கூடாது என்று அவர் விதி வைத்தார். இளம்பெண்கள் ராத்திரி பகலாக உட்கார்ந்து, இந்தப் பிழையா, அந்தப் பிழையா என்று ஆயிரக்கணக்கில் முயன்று பார்த்து அந்தச் செய்திகளைத் திறந்தார்கள்.

நூரைச் சந்திப்பதற்கு முன் அவருடைய ஜாதகக் கதைப் புத்தகத்தை மார்க்ஸ் தேடிப் படித்துவிட்டார். அந்தக் கதைகளை வைத்தே சங்கேதப் பிழையின் ஆபத்தை அவருக்குப் புரியவைத்தாராம். மாட்டிக்கொண்டால் தெரிவிப்பதற்கு ஒரு தனி அடையாளமும் சொல்லிக்கொடுத்தார். சாவிச் சொற்களின் மொத்த எழுத்து 18 ஆக ஒருபோதும் இருக்கக் கூடாது. 18 வந்தால் நூர் எதிரியின் கையில் என்று அர்த்தம். இதை மார்க்ஸ் 1998-ல் வெளியான தன் நூலில் எழுதியிருக்கிறார்.

பாரிஸில் நான்கு மாதம்

1943 ஜூன் 16 இரவு ஒரு சின்ன லைசாண்டர் விமானம் நூரைப் பிரான்ஸில் ஆஞ்செர் நகரின் அருகே இறக்கிவிட்டது. ஆக்கிரமிக்கப்பட்ட பிரான்ஸுக்குள் பிரிட்டன் அனுப்பிய முதல் பெண் வயர்லெஸ் ஆபரேட்டர் அவர்தான். ரகசியப் பெயர் மதலேன். பத்து நாள்கூட ஆகவில்லை, அவர் சேர வேண்டிய பெரிய ரகசிய வலைப்பின்னலே பிடிபட்டது. தலைவர், ஆபரேட்டர், தூது செல்பவர் என்று வரிசையாகக் கைது. நூரைத் திரும்பிவரச் சொன்னது லண்டன். தான் வந்துவிட்டால் பாரிஸில் மிச்சம் இருப்பவர்களுக்கு லண்டனோடு தொடர்பு அறுந்துபோகும் என்று நூர் மறுத்துவிட்டார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சங்கேதம் செய்தியின் பொருளைத்தான் மறைக்கும். செய்தி எங்கிருந்து கிளம்புகிறது என்பதை மறைக்காது. ஜெர்மானியர்கள் வேனில் திசைகாட்டும் ஏரியலை வைத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றினார்கள். ஒரே இடத்திலிருந்து கொஞ்ச நேரம் கூடுதலாக அனுப்பினால் வாசலில் வந்து நிற்பார்கள். சுமார் 15 கிலோ எடையுள்ள வயர்லெஸ் பெட்டியை சூட்கேஸில் வைத்துக்கொண்டு நூர் வீடு வீடாக மாறினார். தலைமுடியின் நிறத்தை மாற்றினார். ஒரு வயர்லெஸ் ஆபரேட்டர் ஆறு வாரம் தாக்குப் பிடித்தாலே பெரிசு என்பது அக்காலத்துக் கணக்கு. நூர் தாக்குப் பிடித்தது கிட்டத்தட்ட நான்கு மாதம்!

அந்த நாட்களில் அவர் அனுப்பிய எழுத்துக் குவியல்களுக்குள் என்ன இருந்தது? ஆயுதம் எந்த வயலில் விழ வேண்டும், தப்பிக்க வேண்டியவர் யார், சுட்டு வீழ்த்தப்பட்ட விமானிகளை எப்படி ஊர் சேர்ப்பது என்ற விஷயங்கள். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் உயிருள்ள ஒரு மனிதர். சங்கேதம் பூட்டியிருந்தவரை அவர்களும் பத்திரம்.

ஒரு நோட்டுப் புத்தகம்

1943 அக்டோபர் நடுவில் யாரோ காட்டிக்கொடுக்க, நூர் கைதானார். ரகசியப் போலீஸின் தலைமையகம் பாரிஸில் ஃபோஷ் அவென்யூ 84-ஆம் எண் கட்டடம். அங்கே வைத்து வாரக்கணக்கில் விசாரித்தார்கள். அவர் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை என்று அதன் தலைவர் ஹான்ஸ் கீஃபரே போருக்குப் பிறகு வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். வந்த அன்றே குளியலறை ஜன்னல் வழியாகத் தப்பப் பார்த்தார். நவம்பரில் வேறு இரண்டு கைதிகளோடு கூரைமேல் ஏறித் தப்பிய நேரம் பார்த்து விமானத் தாக்குதல் அபாயச் சங்கு ஒலித்தது, மூவரும் பிடிபட்டார்கள்.

ஆனால் அவர் சொல்லாததை ஒரு நோட்டுப் புத்தகம் சொல்லிவிட்டது. லண்டனுக்கு அனுப்பிய, லண்டனிலிருந்து வந்த எல்லாச் செய்திகளையும் நூர் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். சங்கேதமும் இருந்தது, பொருளும் இருந்தது. எரிக்க வேண்டியதை ஏன் வைத்திருந்தார்? அவருக்குக் கொடுத்த கட்டளைத் தாளில் செய்திகளை அனுப்புவதைக் குறித்த ஒரு சொல், கோப்பில் சேர்த்து வை என்றும் பொருள்படும்படி இருந்தது. அதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார் என்று ஒரு விளக்கம் உண்டு. பாதுகாப்புப் பயிற்சியை முடிக்கவிடாமல் அவசரமாக அனுப்பிய மேலிடத்துக்கும் இதில் பங்கு இல்லையா?

ஜெர்மானியர்கள் நூரின் வயர்லெஸ் பெட்டியில் உட்கார்ந்து, நூரைப் போலவே லண்டனுக்குச் செய்தி அனுப்பத் தொடங்கினார்கள். ஹாலந்திலும் இதே தந்திரத்தால் ஐம்பது பேர் வரை பிடிபட்டிருந்தார்கள். அங்கிருந்து வந்த செய்திகளில் எழுத்துப் பிழையே இல்லை என்பதுதான் மார்க்ஸுக்கு முதலில் சந்தேகத்தைக் கிளப்பியது. பயத்தில் இருப்பவன் எப்படித் தப்பே இல்லாமல் எழுதுவான்? இப்போது மதலேன் பெயரில் வந்த செய்தியில் அந்த 18 எழுத்துச் சாவி வந்து சேர்ந்தது. மார்க்ஸ் மேலிடத்தில் சொன்னார். ஆனாலும் மேலிடம் அந்த வயர்லெஸ் தொடர்பை நம்பிக்கொண்டே இருந்தது.

விளைவு? 1944 பிப்ரவரியில் இரண்டு தடவையாக ஏழு பேர் விமானத்திலிருந்து குதித்தார்கள். கீழே வரவேற்கக் காத்திருந்தது ஜெர்மன் போலீஸ். ஏழு பேரில் ஒருவரும் உயிரோடு வீடு திரும்பவில்லை. மொரீஷியஸ் தீவைச் சேர்ந்த ஃபிரான்ஸ் அந்தெல்மும் அவர்களில் ஒருவர். பாரிஸில் நூருக்கு ஆரம்பத்தில் அடைக்கலம் தேடிக் கொடுத்தவர் அவர்தான். மதலேன் தமர்மான் என்ற பிரெஞ்சுப் பெண்ணும் அந்த ஏழு பேரில் உண்டு.

தட்டின் அடியில் ஒரு கடிதம்

தப்பிக்க மாட்டேன் என்று எழுதிக்கொடுக்க மறுத்ததால் 1943 நவம்பரிலேயே நூரை ஜெர்மனிக்குக் கொண்டுபோய் ஃபோர்ட்ஸ்ஹைம் சிறையில் அடைத்துவிட்டார்கள். கைகால் விலங்கு, தனிமைச் சிறை, பத்து மாதம். அங்கே அவருக்குக் கிடைத்த தபால் இலாகா சாப்பாட்டுத் தட்டு ஒன்றுதான். தட்டின் அடியில் கீறி மற்றக் கைதிகளுக்குச் செய்தி அனுப்பினார். நோரா பேக்கர் என்ற தன் படைப் பெயரையும் லண்டனில் டாவிட்டன் தெரு 4-ஆம் எண் விலாசத்தையும் ஒரு பிரெஞ்சுக் கைதிக்குத் தெரிவித்தார்.

1944 செப்டம்பர் 13 விடியலில் டாகாவ் முகாமில் நூரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 30. அவரோடு கொல்லப்பட்ட மூன்று பெண்களில் ஒருவர் மதலேன் தமர்மான். நூரின் வயர்லெஸ் பெட்டியில் எதிரி பேசிய பேச்சை நம்பி வந்து மாட்டிய அதே பெண்!

போர் முடிந்தபின் நூர் நாட்ஸ்வைலர் என்ற வேறொரு முகாமில் இறந்ததாகத்தான் முதலில் கணக்கு எழுதினார்கள். உயிர் பிழைத்த அந்தப் பிரெஞ்சுக் கைதி டாவிட்டன் தெரு விலாசத்துக்குக் கடிதம் போட்டதால்தான் உண்மை வெளிவரத் தொடங்கியது. 1946-ல் பிரான்ஸ் குவா த கேர் விருதும், 1949-ல் பிரிட்டன் ஜார்ஜ் கிராஸ் விருதும் வழங்கின. 2012 நவம்பரில் லண்டன் கார்டன் சதுக்கத்தில் அவருக்கு மார்பளவுச் சிலை வைத்தார்கள். 2020-ல் டாவிட்டன் தெரு வீட்டுச் சுவரில் நினைவுப் பலகை பதித்தார்கள்.

நம் கையிலும் ஒரு சாவி

நம் நாட்டில் தந்தி 2013 ஜூலையோடு நின்றுவிட்டது. ஆனால் சங்கேதம் நிற்கவில்லை. ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் வந்து உட்கார்ந்துவிட்டது. வாட்ஸப்பில் நாம் அனுப்பும் செய்தி 2016-லிருந்து அனுப்புபவர், பெறுபவர் இருவர் மட்டுமே திறக்கும்படி பூட்டப்பட்டுப் போகிறது. ஒவ்வொரு செய்திக்கும் புதுச் சாவி, பயன்படுத்தியதும் அழித்துவிட வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படையும். மார்க்ஸ் பட்டுத்துணியை வெட்டி எரிக்கச் சொன்ன அதே புத்தி! காலை வணக்கப் படம் அனுப்ப இவ்வளவு பூட்டு எதற்கு என்று நீங்கள் சிரிக்கலாம். ஊழலை வெளியே சொல்ல நினைக்கும் ஊழியர், அடிக்கும் கணவனிடமிருந்து தப்ப வழி தேடும் பெண், போர் நடக்கும் ஊரிலிருந்து எழுதும் நிருபர் எல்லோரும் அனுப்புவது இதே வழியில்தான். அவர்களுக்கு இது விளையாட்டல்ல.

நல்லவர்கள் கையில் மட்டும் ஒரு உபரிச் சாவி இருக்கட்டுமே என்று அவ்வப்போது பல நாட்டு அரசுகள் கேட்கின்றன. குற்றவாளியைப் பிடிக்கத்தான் கேட்கிறார்கள். அந்தக் கவலையையும் தள்ளிவிட முடியாது. ஆனால் நூரின் நோட்டுப் புத்தகமும் ஒரு உபரிச் சாவிதான். நல்ல எண்ணத்தோடு, மிகவும் நல்லவர் ஒருவர் கையில் இருந்த சாவி. அது கைமாற எவ்வளவு நேரம் ஆயிற்று?

நாளைக்கு இந்தத் துறையில் வேலைக்குப் போகப்போகிற தம்பி, தங்கைகளே! பூட்டு செய்யும் கணக்கைப் பேராசிரியர்கள் உங்களுக்கு நன்றாகவே சொல்லிக்கொடுப்பார்கள். அதோடு இரண்டு விஷயத்தையும் மறக்காதீர்கள். எரிக்க வேண்டிய சாவியை எந்தக் காரணம் சொல்லியும் சேமித்து வைக்கும்படி ஒரு மென்பொருளை எழுதாதீர்கள். எச்சரிக்கை மணி அடித்தால், மேலதிகாரிக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, அதைக் கேட்க வையுங்கள். மறுமுனையில் யாரோ ஒரு நூர் உங்களை நம்பி உட்கார்ந்திருப்பார்.